வெள்ளம் வந்தபின் கேட்கும் பணமும், வருமுன் கேட்க வேண்டிய பணமும்



சங்கக் கூட்டங்களில் விலைவாசி, வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை, அபராதம் என்று எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். மழையைப் பற்றி மட்டும் மழை வந்த பிறகுதான் பேசுகிறோம். தண்ணீர் வடிந்ததும் பேச்சும் வடிந்து விடுகிறது. அடுத்த ஐப்பசியில் மீண்டும் அதே பேச்சு. நாற்பது வருடத்துக்கு மேலாக மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் இந்த வழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

2024-ம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. புயல் என்றால் கடலூர்க்காரர்கள் கவலை என்று இருந்த நமக்கு அந்த மூன்று நாட்கள் புத்தி புகட்டின. மயிலத்தில் 51 சென்டிமீட்டர், ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. முறையாக எச்சரித்தோம் என்று அரசும், போதவில்லை என்று எதிர்க்கட்சிகளும் வாதாடின. அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. திருக்கோவிலூர் பக்கத்துக் கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு அன்றிரவு சரக்கை மேலே ஏற்ற அவகாசம் இருந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் குடோனுக்கு வந்தது ஆற்றுத் தண்ணீர் அல்ல, தெரு வாய்க்கால் தண்ணீர். அடியில் கட்டை போட்டுப் பலகை பரப்பித்தான் மூட்டை அடுக்குவோம். தண்ணீர் பலகைக்கு மேல் ஒன்றரை அடி ஏறி விட்டது. அடி வரிசைச் சர்க்கரை மூட்டைகள் கரைந்து, காலையில் வெறும் சாக்குதான் கிடந்தது. உளுந்து ஊறி உப்பி, மூன்றாம் நாள் முளை விட்டிருந்தது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் ஆறு பேர் விடிய விடிய மேல் வரிசையைக் காப்பாற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் அன்று தண்ணீர்தான்.

இதைவிட எங்கள் மனதை வருத்தியது வேறு. திருக்கோவிலூர் பக்கம் ஆற்றோரத் தெருவில் இருபது வருடத்துக்கு மேலாக எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரர் நான்காம் நாள் நேரில் வந்தார். "அண்ணே, கடை முழுக்க சேறு. பேரேடு கூட போச்சு. எங்கிட்ட யாரு எவ்வளவு பாக்கின்னு எனக்கே தெரியல. உங்க பாக்கிக்குக் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். "பாக்கி கிடக்கட்டும் தம்பி, முதல்ல கடையைத் தெறங்க" என்று சொல்லி, பழைய பாக்கியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் புதுச் சரக்கு ஏற்றி அனுப்பினோம். பழைய கணக்கு தீர எட்டு மாதம் ஆயிற்று. எங்களைப் போலவே இந்த மாவட்டத்து மொத்த வியாபாரிகள் பலரும் செய்தார்கள். இது எந்த நிவாரணக் கணக்கிலும் ஏறாத நிவாரணம்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியைக் கேளுங்கள். கணக்கெடுக்க வந்த அலுவலர் வீடு, கூரை, மாடு, ஆடு, பயிர் எல்லாம் எழுதினாராம். "கடை?" என்று இவர் கேட்டதற்கு, "படிவத்தில் கடைக்குக் கட்டமே இல்லைங்க" என்றாராம். அந்த அலுவலர் மேல் குற்றமில்லை. உண்மையிலேயே இல்லை. மத்திய அரசு வகுத்துள்ள நிவாரண விதிமுறைகளில் உயிரிழப்புக்கு உண்டு, இடிந்த வீட்டுக்கு உண்டு, பயிருக்கும் கால்நடைக்கும் மீனவர் படகுக்கும் வலைக்கும் உண்டு, கைத்தறிக்காரர் கருவிக்கும் நூலுக்கும் உண்டு. பெட்டிக்கடை, மளிகைக் கடை, அரிசிக் கடை சரக்குக்கு ஒரு வரியும் கிடையாது. விவசாயிக்குக் கொடுப்பது தப்பு என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அவர் விளைவித்தால்தான் நமக்கு வியாபாரம். ஆனால் கடை என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்பதை விதி எழுதியவர்கள் மறந்து விட்டார்கள்.

அந்தப் புயலின் போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். அந்தப் பணம் சுற்றி வந்து நம் கல்லாவுக்குத்தான் வரும் என்று சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வரும்தான். கடையில் சரக்கு இருந்தால் வரும்.

இனி பெரிய கணக்குக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது. இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இரண்டுக்குமாக மாநில அரசு கேட்டது 37,907 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து அனுமதி கிடைத்தது சுமார் 276 கோடி. ஃபெஞ்சலுக்குக் கேட்டது 6,675 கோடி; 2025 ஏப்ரலில் அனுமதியானது 522 கோடியே 34 லட்சம். இதைச் சொல்லி ஒரு கட்சியைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்துவது எங்கள் நோக்கமல்ல. தேசிய நிதி கொடுக்கும்போது, மாநிலத்தின் கையில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த நிவாரண நிதி இருப்பில் பாதியைக் கழித்துக் கொள்வார்கள் என்பது விதி. அதனால் அவர்கள் ஒரு கணக்கும் இவர்கள் ஒரு கணக்கும் சொல்வார்கள். நாம் வியாபாரிகள், நமக்கு ஒன்று தெரியும். வரும் வராது என்று தெரியாத பாக்கியை நம்பி எவரும் அடுத்த கொள்முதல் செய்ய மாட்டார்.

யாரையும் கெஞ்சாமலே ஆண்டுதோறும் வர வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம்மவர்கள் கவனிக்கவில்லை என்பது எங்கள் கருத்து.

முன்பு, 1990-லிருந்து, ஒன்பதாவது நிதிக்குழு சொன்னபடி மாநிலத்துக்கு ஒரு நிவாரண நிதி மட்டும் இருந்தது. மத்திய அரசு முக்கால், மாநிலம் கால். அது அடிபட்ட பிறகு மருந்து போடும் பணம். 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், அடிபடாமல் காக்கவும் தனி நிதி வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுத்து எழுத்தாகவே வெகுகாலம் கிடந்தது. என்.கே.சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதிக்குழுதான் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு அதற்குப் பணம் ஒதுக்கிப் பிரித்துக் கொடுத்தது. கல்லாவில் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். எண்பது ரூபாய் நிவாரண நிதி. அதில் நாற்பது உடனடி உதவிக்கு, முப்பது இடிந்ததைத் திரும்பக் கட்டுவதற்கு, பத்து முன்னேற்பாட்டுக்கு. மீதி இருபது ரூபாய் தணிப்பு நிதி. வெள்ளம் வருமுன்னே செலவழிக்க வேண்டிய பணம்.

தமிழ்நாட்டுக்கு அந்த இருபது எவ்வளவு? ஃபெஞ்சலுக்குப் பிறகு 2024 டிசம்பர் 6-ல் மத்திய அரசு நிவாரண நிதியில் தன் பங்கின் இரண்டு தவணையையும் சேர்த்து 944 கோடியே 80 லட்சம் விடுவித்தது. இது முக்கால் பங்கு. மாநிலத்தின் கால் பங்கையும் சேர்த்தால் சுமார் 1,260 கோடி. 1,260 கோடி என்பது எண்பது பங்கானால், இருபது பங்கு சுமார் 315 கோடி. ஓர் ஆண்டுக்கு! மாநிலத்தின் 38 மாவட்டத்துக்கும் சமமாகப் பிரித்தால் மாவட்டத்துக்கு எட்டேகால் கோடி சொச்சம். அப்படிச் சமமாகப் பிரிக்க மாட்டார்கள், ஒரு மதிப்புக்காகச் சொல்கிறோம்.

எட்டேகால் கோடி பெரிய தொகையா என்றால், இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே தென்பெண்ணையில் சுமார் 16 கோடியில் கட்டிய பாலம், 2024 செப்டம்பரில் திறந்தது, அதே டிசம்பர் வெள்ளத்தில் மூன்றே மாதத்தில் போய் விட்டது. ஒரு பாலத்தின் செலவில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் காணும் பணம் இது. ஆனால் இந்த நிதியின் விதியே அப்படித்தான் சொல்கிறது: பெரிய கரை, கடல் சுவர் போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையின் திட்டப் பணத்தை எடுங்கள், தணிப்பு நிதி உள்ளூர் அளவில், அந்தந்த மக்களோடு சேர்ந்து செய்யும் சிறு வேலைகளுக்கு. ஒரு கடைத்தெருவுக்கும் ஒரு மலைக் கிராமத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பணம் எங்கே இருக்கிறது? சென்னைக்கு 2023 டிசம்பரில் தேசியத் தணிப்பு நிதியின் கீழ் 561 கோடியே 29 லட்சம் ரூபாய் வெள்ளத் தடுப்புத் திட்டம் அனுமதியானது. கேட்டார்கள், திட்டம் வரைந்தார்கள், கிடைத்தது. கள்ளக்குறிச்சி கடைவீதிக்காக யார் கேட்டார்கள்?

முன்கூட்டிச் செலவழித்தால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதே ஆண்டு அவர்கள் மாநில அளவில் தனி அமைப்பு ஏற்படுத்தி, புயல் காப்பகங்கள் கட்டி, கிராமத்துக்குக் கிராமம் எச்சரிக்கை செய்யப் பழகினார்கள். 2013-ல் ஃபைலின் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்னதாகவே அப்புறப்படுத்தி விட்டார்கள். உயிர்ச்சேதம் பத்துகளில் நின்றது.

நம் ஊருக்கு வருவோம். நமக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று கிழக்கே கடலிலிருந்து. மற்றொன்று மேற்கே கல்வராயன் மலையிலிருந்து. மலையில் கொட்டும் மழைதான் கோமுகி அணையையும் மணிமுக்தா அணையையும் நிரப்புகிறது. கோமுகிக்கு முழு அளவு 46 அடி, மணிமுக்தாவுக்கு 36 அடி. அணை நிரம்பிய பிறகு மலையில் கொட்டுவதெல்லாம் நேராக நம் பக்கம்தான். மலையில் பெய்யும் மழை இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம்தான் நம் சொத்து. இருபது ஆள் இருந்தால் அதற்குள் ஒரு குடோனின் அடி வரிசையை மாடிக்கு ஏற்றி விடலாம். மலை மேலே கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், "இங்கே ரெண்டு மணி நேரமா விடாம ஊத்துது" என்று ஒரு போன் செய்தால் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஊருக்கு ஊர் ஒரு மழைமானி, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள், கேட்டு மறுபடி பத்துப் பேருக்குச் சொல்ல கடைத்தெருவில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

மலைவாழ் மக்களின் நிலைமை வேறு. கடுக்காய், புளி, தேன், சாமை, மரவள்ளி என்று அவர்கள் பண்டம் கீழே வந்தால்தான் நம் அரிசி, உப்பு, எண்ணெய் மேலே போகும். வெள்ளிமலைப் பாதையில் ஒரு மண்சரிவு, அல்லது ஓடையில் ஒரு வெள்ளம், இரண்டில் ஒன்று நடந்தால் போக்குவரத்து நின்று விடும். அப்போது மேலே உள்ள சிறுகடைகளில் இருக்கும் சரக்குதான் அத்தனை குடும்பத்துக்கும் சாப்பாடு. 2024 டிசம்பர் 1-ல் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். அது நமக்கு அடுத்த மாவட்டம். கல்வராயன் மலைச் சரிவுகளில் எங்கே மண் இளகி இருக்கிறது, எந்த ஓடையைத் தாண்ட ஒரு சிறு பாலம் வேண்டும் என்பது அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அதிகாரிகளைவிட நன்றாகத் தெரியும். அவர்களை இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் நாம் கூப்பிட்டதில்லை. நம் சங்கத்தின் மேலும் அந்தக் குறை உண்டு.

குறை என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். சிலருக்குக் கோபம் வரலாம். எங்கள் குடோனுக்குள் தண்ணீர் வந்ததற்குக் காரணம் மழை மட்டுமல்ல. தெரு வாய்க்காலின் மேல் வரிசையாகக் கடைப் படிக்கட்டுகள். அதில் ஒன்று எங்களுடையது. கல் பாவி முப்பது வருடம் ஆயிற்று, அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அந்த டிசம்பருக்குப் பிறகு உடைத்துப் பார்த்தபோது டீ கப்பும் பிளாஸ்டிக் கவருமாக வண்டி வண்டியாக வந்தது. இரும்புச் சட்டம் போட்டு, தூக்கி எடுக்கக்கூடிய படியாக இப்போது மாற்றி விட்டோம். ஆண்டுதோறும் தூர் வாருவது உள்ளாட்சியின் வேலை. அதற்குத் தணிப்பு நிதியை எதிர்பார்க்கக் கூடாது. நாம் அடைத்ததை நாமே திறந்து விடாமல் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனால், நம் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

அடுத்தது வரி. இது நம் எல்லோர் தலையிலும் இருக்கும் கத்தி, பலருக்குத் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில், தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று இருக்கிறது. அதாவது வெள்ளத்தில் போன சரக்குக்கு, வாங்கும்போது கட்டி நாம் எடுத்துக்கொண்ட வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2024 டிசம்பரில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் வரி. 2025 செப்டம்பரில்தான் 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று ஒரு லட்ச ரூபாய் சோப்பு, பிஸ்கட் நனைந்து வீணானவர் ஒரு லட்சத்தையும் இழந்து, மேற்கொண்டு 18,000 ரூபாயும் கட்ட வேண்டியவர். திருடனுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே விதி. அரசே பேரிடர் என்று அறிவித்த பகுதியில் அழிந்த சரக்குக்காவது இந்த விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்று ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குச் சங்கங்கள் கூட்டாக எழுத வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. 2021 ஏப்ரலிலிருந்து, 5 கோடி ரூபாய் மதிப்புக்குட்பட்ட கடை, குடோன்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கிறது. வெள்ளமும் அதில் அடங்கும். நாங்கள் ஒரு பாலிசி எடுத்திருந்தோம். ஆனால் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறோம் என்று சரக்கு மதிப்பைக் குறைத்து எழுதியிருந்தோம். நாற்பது லட்சச் சரக்கை இருபது லட்சம் என்று எழுதினால், நான்கு லட்சம் நஷ்டத்துக்கு இரண்டு லட்சம்தான் கணக்குப் போடுவார்கள். அப்படித்தான் போட்டார்கள். நம் கையாலே நாம் போட்ட நஷ்டம் அது. பில் புத்தகம் நனைந்து போனதால் இருப்பை நிரூபிக்க மூன்று மாதம் அலைந்தது தனிக்கதை. இப்போது வாரம் ஒருமுறை இருப்புப் பதிவேட்டைப் பையன் செல்போனில் படம் பிடித்து அனுப்பி வைத்து விடுகிறான்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு தென்மாவட்டச் சிறு வணிகர்களுக்கு மாநில அரசு குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. வரவேற்கிறோம். என்றாலும் கடன் கடன்தான். சரக்கும் போய், அந்தச் சரக்குக்கான பாக்கியும் நிற்க, மேலே ஒரு கடனும் ஏறினால் சிறு கடைக்காரர் எத்தனை வருடத்தில் நிமிர்வார்? நிவாரண விதிமுறையில் கடைக்கு ஒரு வரி, ஒரு சிறு தொகையாவது சேர்க்க வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து ஐந்து ஆண்டுகள் பதினாறாவது நிதிக்குழுவின் காலம். அதற்கான விதிமுறைகளில் இதைச் சேர்க்கச் சொல்லி நம் தொகுதி எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் எழுத்தில் கொடுப்பது அவசியம். வாயால் சொன்னது வாசலைத் தாண்டாது.

நிதி எப்படி அனுமதியாகிறது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. மாவட்டத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலான செயற்குழு திட்டங்களை அனுமதிக்கிறது. வெள்ளம் வந்தால் அரிசியும் பிரெட்டும் மெழுகுவர்த்தியும் கேட்டு அதிகாரிகள் நம்மிடம்தான் வருகிறார்கள், நாமும் கேட்டதைக் கொடுக்கிறோம். மாவட்டத் திட்டத்தைத் திருத்தும்போது மட்டும் நம் ஞாபகம் வருவதில்லை. வடகிழக்கு மழை ஐப்பசியில் பிடிக்கும். கோப்பு கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை போய்த் திரும்ப வேண்டும். ஆகவே ஆடி பிறக்கும் முன்னே மனு போக வேண்டும். தீபாவளிச் சரக்குக்கு ஆவணியிலேயே ஆர்டர் கொடுக்கிறோமே, அது போலத்தான்.

சங்கத் தலைவரிடம் பேசி விட்டோம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்துக் கொண்டால் போதும். தண்ணீர் எந்த இடத்தில் தேங்கியது, எத்தனை அடி, எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது, எத்தனை கடைக்குள் வந்தது, உத்தேச நஷ்டம் எவ்வளவு என்று ஒரு முழுத்தாளில் எழுதி, படத்துடன் சங்க அலுவலகத்தில் சேர்க்கவும். கச்சிராயபாளையம், வெள்ளிமலை, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர் உறுப்பினர்கள் தபாலிலும் அனுப்பலாம். நஷ்டத்தைக் கூட்டி எழுத வேண்டாம், ஒரு பொய்க் கணக்கு இருந்தால் மொத்த மனுவும் கெட்டுப் போகும். படம் எடுக்கும்போது வாய்க்கால் மேல் நிற்கும் நம் படிக்கட்டையும் சேர்த்தே எடுங்கள்.